ஒன்றாம் நம்பர் கத்தி

போன மாதம் சுகந்தி போன் செய்தாள். என்னிடம் வேலை பழகியவள். இன்றைக்குக் கோவையில் ஒரு பெரிய பரிசோதனைக் கூடத்துக்கே பொறுப்பு. சமையலறைக் கத்தி தீட்ட ஏதோ கருவி வாங்கியிருக்கிறாளாம். கத்தியை ஒரு பிடியில் இறுக்கிவிட்டு, கல்லை ஒரு கம்பியில் கோத்து இழுத்தால் சாய்வு மாறாமல் தீட்டும். கூடவே ஆறு கற்கள். நூற்றிருபதில் தொடங்கி மூவாயிரம் வரைக்கும் ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண்.

"எதுல ஆரம்பிக்கணும் சார், எதுல நிறுத்தணும்? மூவாயிரத்துல முடிச்சா முகம் பாத்துக்கலாம்னு போட்டிருக்கான்."

"முகம் பார்க்கக் கண்ணாடி இருக்கே" என்றேன்.

சிரித்தாள். பிறகு, "இங்க இருக்கறவங்க யாரும் கத்தி தீட்டினதே இல்ல சார். பிளேடு மாட்டறோம், தூக்கி எறியறோம். நீங்க எழுதிக் குடுங்களேன், படிக்கச் சொல்றேன்" என்றாள்.

எழுதுகிறேன். கல்லைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்க முடியுமா என்று தெரியவில்லை.

என் வேலை சதை வெட்டுவது. ஆபரேஷனில் எடுத்த துண்டு எங்களிடம் வரும். அதைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, ஒரு சின்னக் கட்டியாக்குவோம். அந்தக் கட்டியை மைக்ரோடோம் என்ற யந்திரத்தில் பூட்டிச் சக்கரத்தைச் சுற்றினால், கத்தி அதை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சீவலாகச் சீவும். ஒரு சீவலின் கனம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றிக் கொடுத்தால், டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் புற்றா இல்லையா என்று எழுதுவார். கத்தி சரியில்லை என்றால் டாக்டருக்குக் கண் இருந்தும் பயனில்லை. எழுபதுகளில் அந்தக் கத்திகளை நாங்களேதான் தீட்டினோம். ஒரு சாண் நீளம், செங்கல் மாதிரி கனம்.

பயிற்சி ஒரு வருஷம். விரல்களில் சாயக்கறை ஏறியது தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வேலை பீர்மேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில். அங்கே மைக்ரோடோம் கிடையாது. ரத்தம், மலம், சிறுநீர், அவ்வளவுதான். மழை தொடங்கினால் ஜீப்பும் வராது, பஸ்ஸும் வராது. பொழுது போகாமல் ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோல்களை எல்லாம் தீட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெயர் தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாகப் பரவி, சுடலைமுத்து என்ற கவாத்துக்காரர் தேயிலைச் செடி வெட்டும் கத்தியைக் கொண்டுவந்து நீட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கையிலிருந்த கற்களில் ஆக மெல்லியது வரைக்கும் போய், கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். மறுநாள் மத்தியானம் மனிதர் கோபமாக வந்து நின்றார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டிய? கத்தி கம்புல கடிக்கவே மாட்டேங்கு. வழுக்கிட்டுப் போவுது. கங்காணி ஏசுதாரு."

"நன்னாத்தானே தீட்டியிருக்கேன்! முகம் தெரியறதே!"

"முகத்தை வச்சு நான் என்ன சார் செய்ய? கத்திக்குப் பல்லு வேணும்லா."

அவர் சொன்னது முழுக்க உண்மை. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். முரட்டுக் கல் விளிம்பில் நுண்ணிய பற்களை விடும். மரம், கயிறு, தக்காளித் தோல் இவற்றுக்கு அந்தப் பல் வேண்டும். மெல்லிய கல் பற்களை அழித்துவிடும். மெழுகுக்கும் தாடிக்கும் அதுதான் வேண்டும். ஆகவே சுகந்தி, எண் பெரிதானால் கல்லின் மணல் பொடிசு என்று மட்டும் வைத்துக்கொள். பெரிய எண் உயர்ந்தது என்று நினைக்காதே. உன் கத்திக்கு ஆயிரத்தில் நிறுத்து. மூவாயிரம் கல்லைப் பத்திரமாக அலமாரியில் வை, விருந்தாளிக்குக் காட்டலாம்.

இரண்டு வருஷத்தில் என் சொந்த ஊரான பாலக்காட்டுக்கே வேலை கிடைத்து வந்துவிட்டேன். அங்கேதான் டாக்டர் அன்னம்மா. தொடுபுழைப் பக்கத்துக்காரர். நோயாளிகளிடம் பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டவர், அதனால் அவர் தமிழில் மலையாளமும் கொங்குப் பேச்சும் கலந்து கிடக்கும். என்னை மணி என்றுதான் கூப்பிடுவார், சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நல்ல ஸ்லைடு என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். மோசமான ஸ்லைடைத் திருப்பியும் தர மாட்டார். என் மேசைக்கு எதிரே இருந்த ஜன்னல் படியில் வைத்துவிடுவார். சாயங்காலம் வரைக்கும் அது வெயிலில் பளபளத்துக்கொண்டு என்னையே பார்க்கும். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். ரிப்போர்ட்டை முதலில் பென்சிலால் எழுதுவார். ஒரு காபி குடித்துவிட்டு வந்து மறுபடியும் ஸ்லைடைப் பார்ப்பார். அதே எண்ணம் இருந்தால்தான் பேனாவை எடுப்பார்.

நான் சேர்ந்தபோது லேபில் இருந்த கல் நடுவில் பள்ளம் விழுந்த ஒரே ஒரு கல். புதுக் கல் வாங்கக் கோயமுத்தூருக்கு அனுப்பினார். அன்றைய கற்களில் எண் போட்டிருக்காது. முரடு, நடுத்தரம், நைஸ் என்பார்கள், கடைக்குக் கடை அதுவும் மாறும். ஆகவே நான் ஒரு உருக்குத் துண்டையும் ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்துப் போனேன். ஒவ்வொரு கல்லிலும் பத்து இழுப்பு இழுத்து, விழும் கோடுகளைப் பார்த்தேன். ஒரே மாதிரி கோடாக விழுந்தால் கல் யோக்கியமானது. மெல்லிய கோடுகளுக்கு நடுவில் தடித்த கோடு ஒன்று விழுந்தால் உள்ளே எங்கோ ஒரு முரட்டு மணி ஒளிந்திருக்கிறது, வேண்டாம். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தன பாக்க மாட்டாங்க சாமி" என்றார். இன்றைய கணக்கில் இருநூறு, நானூறு, ஆயிரம் என்று மூன்று கற்கள் வாங்கினேன். நாலாவதாக டாக்டரின் அண்ணா வெளிநாட்டிலிருந்து ஒரு மஞ்சள் கல் கொண்டுவந்து கொடுத்தார். பூமியிலிருந்து வெட்டி எடுத்தது. வெண்ணெய் மாதிரி இருக்கும், தொட்டால் கல் என்றே தோன்றாது.

நாலையும் ஒப்பிட்டுப் பார்க்க வீட்டு அரிவாமணையை நான் பலி கொடுத்ததும் உண்டு. மஞ்சள் கல் வரைக்கும் ஏற்றிவிட்டேன். என் மனைவி வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தவள், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"ஏன்னா, உங்க லேபில வெட்டப் பொணம் கிடைக்கலையாக்கும்? ஆத்தில இருக்கறவாளை வெட்டிப் பார்க்கறேளா?"

ஒரு வாரம் நான்தான் காய் நறுக்கினேன்.

இனி தீட்டும் முறை. சுகந்தியின் கருவியில் கம்பி செய்கிற வேலையை எங்களுக்கு ஓர் உறை செய்தது. நீளமான எஃகுக் குழல், ஒரு பக்கம் பிளந்திருக்கும். அதைக் கத்தியின் முதுகில் சொருகிவிட்டால், கல்லில் படுக்கவைக்கும்போது முதுகு இத்தனை உயரம் தூக்கி நிற்கும். அந்த உயரம்தான் சாய்வு. கை ஆடினாலும் சாய்வு ஆடாது. ஒரு கத்திக்கு ஓர் உறை. கத்தியும் உறையும் சேர்த்தே செய்யப்படுபவை. இரண்டிலும் ஒரே எண் அடித்திருப்பார்கள். ஒன்றின் உறையை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. எங்களிடம் இரண்டு கத்தி. ஒன்றாம் நம்பர் மெல்லிய வேலைகளுக்கு. இரண்டாம் நம்பர் எலும்பும் சுண்ணாம்பும் கலந்த முரட்டுத் துண்டுகளுக்கு.

கல்லை ஈரத் துணிமேல் வைத்து, சோப்புத் தண்ணீர் விட்டு, விளிம்பு முன்னே போகும்படி கோணலாகத் தள்ள வேண்டும். கடைசியில் முதுகின் மேல் புரட்டி, மறுபக்கம் இழுக்க வேண்டும். அமுக்கக் கூடாது, கத்தியின் கனமே போதும். ஒவ்வொரு கல்லும் முந்தின கல்லின் கோடுகளை அழித்தால்தான் அடுத்ததற்குப் போகலாம். கல் மாற்றும்போது கத்தி, கை, துணி, கிண்ணம் எல்லாம் கழுவ வேண்டும். முரட்டுக் கல்லின் ஒரு மணி மஞ்சள் கல்லில் ஏறினால் அன்றைய உழைப்பு பாழ். முடிவில் நாவிதர் வைத்திருப்பது மாதிரி தோல்பட்டை, அதில் மட்டும் விளிம்பு பின்னே வர வேண்டும். இதையெல்லாம் நான் நன்றாகச் செய்தேன். நன்றாகச் செய்கிறேன் என்ற எண்ணமும் ஏறிவிட்டது. உறையில் எண் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். கை பட்டாலே எது எது என்று தெரியும் என்று இருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நவராத்திரி. எங்கள் ஊரில் அஷ்டமி சாயங்காலம் கருவிகளைப் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி காலைவரை தொட மாட்டோம். லேபிலும் அந்த வழக்கம் உண்டு. டாக்டர் அன்னம்மா கிறிஸ்தவர், ஆனால் மறுத்ததில்லை. "ரெண்டு நாள் மணி எதையும் வெட்டாம இருந்தா எனக்கும் ஓய்வுதானே" என்று சொல்லிவிட்டு பிரசாத அவல் பொட்டலத்தை முதல் ஆளாக வாங்கிக்கொள்வார். அந்த வருஷம் நான் கத்திகளைத் தனியாகவும் உறைகளைத் தனியாகவும் கழற்றி, துடைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, பலகையில் வரிசையாக அடுக்கினேன். விஜயதசமி காலை பூஜை எடுத்ததும் சந்தனம் காய்ந்து உறையின் பிளவில் அடைத்துக்கொண்டிருந்தது. எண் அடித்த இடத்திலும் அப்பியிருந்தது. இரண்டு உறைகளையும் ஒரே கிண்ணத்தில் ஊறப் போட்டுக் கழுவினேன். ஒரே துணியில் உலர்த்தினேன். பிறகு கை பட்டபடி மாட்டினேன். இரண்டும் சமர்த்தாக ஏறிக்கொண்டன.

அன்று ஒன்றாம் நம்பரில் முதலில் வெட்டிய துண்டுக்குள் சுண்ணாம்பு இருந்திருக்கிறது. விளிம்பில் நாலைந்து இடத்தில் பல் விழுந்தது. அதனால் என்ன, கல் இருக்கிறது, நான் இருக்கிறேன். நாலு கல்லும் ஏற்றித் தீட்டினேன். கத்தி ஜொலித்தது.

ராமாத்தாளின் துண்டு வந்தது அதற்கப்புறம்தான். வடகரப்பதியில் நிலக்கடலையும் கரும்பும் போடும் குடும்பம். வயசு நாற்பத்தைந்து இருக்கும். கல்யாணமான புதிதில் வெல்லம் காய்ச்சும் கொப்பரைப் பாகு இடது முழங்காலுக்குக் கீழே கொட்டி, வெந்த தழும்பு. இருபத்தைந்து வருஷம் சும்மா இருந்த தழும்பில் இரண்டு வருஷமாகப் புண், ஆறவில்லை. சர்ஜன் புண்ணின் ஓரத்தில் ஒரு துண்டு எடுத்து அனுப்பியிருந்தார். புற்று என்றால் கால் போகும். புற்றில்லை, தழும்பில் தோல் தடித்துப் பெருத்திருக்கிறது என்றால் மருந்து கட்டி, தோல் ஒட்டி ஆற்றிவிடலாம்.

திங்கட்கிழமை ஸ்லைடு கொடுத்தேன். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை ஜன்னல் படியில் வைக்காமல் என்னையே கூப்பிட்டார். அது அவர் வழக்கமில்லை.

"மணி, பாருங்க. தோல் நாக்கு நாக்கா கீழ இறங்கறது. அது மேல் தோலோட சேர்ந்திருந்தா தழும்போட சேஷ்டை. அறுந்து தனித் தீவா நின்னா புற்று. சேர்ந்திருக்கா அறுந்திருக்கான்னு பார்க்க வேண்டிய இடத்திலதான் உங்க கோடு ஓடறது."

பார்த்தேன். உழுத சால் மாதிரி நாலைந்து கோடுகள் சீவலைக் கிழித்துக்கொண்டு போயிருந்தன. கோட்டுக்குப் பக்கத்தில் எல்லாமே அறுந்துதான் தெரிந்தது. அது நோய் அறுத்ததா, என் கத்தி அறுத்ததா?

சர்ஜன் அவசரக்காரர், கெட்டவர் அல்ல. "எனக்குப் பார்த்தாலே தெரியறது. வியாழக்கிழமை தியேட்டர். திரும்பத் துண்டு எடுத்தா இன்னும் எட்டு நாள், அதுக்குள்ள இடுப்புல நெறி கட்டினா அப்புறம் காலை எடுத்தும் பிரயோஜனமில்ல. புதன் சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுங்க. இல்லேன்னா என் கண்ணை நம்பி எடுப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

நான் மறுபடி தீட்ட உட்கார்ந்தேன். லேபுக்கு வெளியே வராந்தா. அதில் பெஞ்சு. காலில் துணி சுற்றிய ஓர் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் சாமி, இந்தக் கத்தீலதான் எங்காலை எடுக்கப் போறீங்களா?"

"இல்லேம்மா, இல்லே. இது உங்க கால்ல எடுத்த சின்னத் துண்டைச் சீவிப் பார்க்கற கத்தி. இதுல பார்த்துதான் எடுக்கணுமா வேண்டாமான்னு சொல்லுவா."

"அப்புடீங்களா? கருதறுக்கற அருவாளக்கூட நாங்க இத்தன நேரந் தீட்ட மாட்டமுங்க."

பக்கத்தில் நின்ற அவள் புருஷன் ஆறுச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க சாமி, இவளுக்கு வாய் கொஞ்சம் சாஸ்தி."

"காலு எம்படதுங்க, நாந்தானுங்க பேசோணும்" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "வெட்டறதுன்னா வெட்டட்டுமுங்க. நான் அழுவ மாட்டேன். ஆனா இருக்குமோ இருக்காதோன்னு சந்தேகத்துல வெட்டக் கூடாதுங்க. அப்பறம் சாவற மட்டும் ரோசனையாவே போயிருமுங்க" என்றாள்.

"சந்தேகத்துல வெட்ட மாட்டா" என்றேன். வாக்குக் கொடுக்க நான் யார்? ஆனால் கொடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை வெட்டிய சீவலிலும் அதே கோடுகள். கத்தியைப் பக்கவாட்டில் நகர்த்தி வேறு இடத்தால் வெட்டினேன். கோடு இடம் மாறியது, போகவில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் மெழுகுக் கட்டியில் சதை கரைந்துகொண்டே வந்தது. டாக்டர் அந்த ஸ்லைடையும் ஒதுக்கி வைத்தார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கல்லைத் திட்டினேன், மெழுகைத் திட்டினேன், பாலக்காட்டு வெயிலைத் திட்டினேன்.

மத்தியானம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கத்தியையே மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தேன். கல்லில் தேய்ந்து சரிந்திருக்கும் பட்டை கண்ணைப் பறித்தது, ஒரு கோடில்லை. ஆனால் பட்டை முடிந்து விளிம்பு தொடங்கும் இடத்தில் மயிரிழை அகலத்துக்கு ஒரு மங்கிய கரை. சுண்ணாம்பு கடித்த பற்கள் அந்தக் கரையில் அப்படியே இருந்தன. இரண்டு தடவை நாலு கல்லும் ஏறி இறங்கியும் அவற்றைத் தொடவே இல்லை.

புண்ணுக்குப் போடும் ஜென்ஷன் வயலட்டைப் பஞ்சில் தொட்டுப் பட்டை முழுவதும் பூசினேன். காய்ந்ததும் உறையோடு கல்லில் மூன்றே மூன்று இழுப்பு. பட்டையின் மேல்புறம் ஊதா போய் எஃகு தெரிந்தது. விளிம்பில் ஊதா அப்படியே நின்றது. கல் விளிம்பைத் தொடவில்லை. முதுகு போதிய உயரம் தூக்கவில்லை. உறையைக் கழற்றித் திருப்பினேன். பிளவின் ஓரத்தில் சந்தனத்தின் மஞ்சள் இன்னும் கொஞ்சம் மிச்சம். நகத்தால் சுரண்டினேன். இரண்டு.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மூடி மறைத்துவிடலாம் என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். உறையை மாற்றி மாட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது? அப்புறம் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனேன்.

"டாக்டர், உறை மாறிப் போச்சு. பூஜைக்கு வச்சு எடுக்கறச்சே நான்தான் மாத்தி மாட்டிட்டேன்."

வாங்கி எண்களைப் பார்த்தார். "பூஜைக்கு அப்பறம் இதுல எத்தனை கேஸ் வெட்டினீங்க?"

"எட்டு."

"நான் கையெழுத்துப் போட்டது?"

"அஞ்சு."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்த ரிப்போர்ட் எல்லாம் நான் திரும்ப வாங்கறேன். அஞ்சையும் நீங்க திரும்ப வெட்டணும். கோடு இருக்குன்னு கண்டும் இது போதும்னு கையெழுத்துப் போட்டது நானாக்கும். அது என் தப்பு." பிறகு, "அது நாளன்னிக்கு. ராமாத்தாளோட கட்டியில எவ்வளவு பாக்கி?"

"கஷ்டிச்சு பத்து சீவல் தேறும்."

"கத்திய நாளைக்குக் காலையில தீட்டுங்க. இப்ப போய்ச் சாப்பிடுங்க."

திட்டவில்லை. அன்றுதான் எனக்குத் திட்டு வாங்காததற்கு அழுகை வந்தது.

புதன்கிழமை காலை ஒன்றாம் நம்பர் உறையை எண் பார்த்து மாட்டினேன். வயலட் பூசி, இருநூறில் தொடங்கினேன். முதல் பத்து இழுப்பில் விளிம்பிலிருந்து ஊதா போனது. பற்கள் மறையும்வரை இருநூறை விடவில்லை. ஒவ்வொரு இருபது இழுப்புக்கும் மைக்ராஸ்கோப். ஒரு பல் மட்டும் ஆழமாக இருந்து, பதினொரு மணிவரை இழுத்தடித்தது. அவசரப்பட்டு நானூறுக்குத் தாவியிருந்தால் அது அங்கேயே நிற்கும், மெல்லிய கல் அதைப் பளபளப்பாக்கிக் கொடுக்குமே தவிர எடுக்காது. பிறகு எல்லாம் கழுவி நானூறு. குறுக்கே கோணம் மாற்றி இழுத்து, இருநூறின் கோடுகள் ஒன்றுகூட இல்லை என்று கண்ட பிறகு ஆயிரம். மறுபடி கழுவி, புதுத் துணி விரித்து, மஞ்சள் கல் நாற்பது இழுப்பு. தோல்பட்டை. மத்தியானம் ஒரு மணிக்குக் கையின் மயிரை விளிம்பில் வைத்தேன். அசைக்காமலே துண்டாகி விழுந்தது.

வெட்டும்போது என் மனசில் ஓடியதை மறைக்கவில்லை. ராமாத்தாளின் கால் தப்பிவிடும் என்று நினைத்தேன். என் கத்திதான் நாக்குகளைத் தீவாக அறுத்துக் காட்டியிருக்கிறது, கோடு போனால் எல்லாம் சேர்ந்து நிற்கும், அந்த அம்மா நடந்து பஸ் ஏறுவாள், என் தப்பும் நல்லதில் முடியும். இவ்வளவும் கணக்குப் போட்டுவிட்டேன். ஒன்பது சீவல் கிடைத்தது. நாடா மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி இறங்கின, ஒரு கோடில்லை. சாயமேற்றி மூன்றரை மணிக்கு டாக்டரிடம் வைத்தேன்.

பார்த்தார். பென்சிலால் எழுதினார். காபி குடித்தார். மறுபடி பார்த்தார். பேனாவை எடுப்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அழகான சீவல், அந்த மாதிரி நான் அதற்கு முன் வெட்டியதில்லை. அதன் அடியில், மேல் தோலுக்கு வெகு தூரத்தில், எதோடும் சேராமல், ஓரம் சிதையாமல், தீவு தீவாக நின்றன. சந்தேகமே இல்லை. புற்று.

டாக்டர் தானே வார்டுக்கு நடந்தார். என்னையும் வரச் சொன்னார். மறைக்காமல் சொன்னார். ஆறுச்சாமி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ராமாத்தாள் என்னைப் பார்த்தாள்.

"நேத்துத் தெரியாதது இன்னைக்கு எப்புடீங்க தெரிஞ்சுது?"

"நேத்து கத்தி சரியில்லே. என் தப்பு. பூஜையில உறையை மாத்திப் போட்டுட்டேன். இன்னிக்குத் தெளிவாத் தெரியறது."

"அப்ப நேத்தே எடுத்துருந்தா?"

"எடுத்தது சரியாத்தான் இருந்திருக்கும்."

"சரியாத்தானுங்க இருந்திருக்கும். ஆனா தெரியாம எடுத்துருப்பீங்க" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்து, "எந்திரிங்க. சும்மா ஒக்காந்துட்டு. ஊட்டுக்குச் சொல்லி உடுங்க, காட்டுக்குத் தண்ணி பாச்சச் சொல்லுங்க" என்றாள்.

வியாழக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. இந்த இடத்தில் எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எடுத்த கால் எங்கள் லேபுக்குத்தான் வரும். புற்று எதுவரை போயிருக்கிறது, வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். பத்து வருஷத்தில் எத்தனையோ கால் வந்திருக்கிறது, எண் போட்டு வேலையைப் பார்ப்பேன். மெழுகுத் துணியை அவிழ்த்தேன். குதிகாலில் வெடிப்பு, நகத்தில் செம்மண். வீங்கின இரண்டாவது விரலில் வெள்ளி மெட்டி புதைந்து கிடந்தது. கழற்ற வரவில்லை என்று தியேட்டரில் விட்டுவிட்டார்கள் போல. சின்ன அரத்தால் அரை மணி நேரம் அறுத்து எடுத்தேன். விரலில் ஒரு கீறல் விழாமல் எடுத்தேன். ஏன் அத்தனை கவனம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வெட்டிய ஓரம் சுத்தமாக இருந்தது. அதை டாக்டர் எழுதிக் கொடுத்த அன்று, அறுத்த மெட்டியைத் தட்டானிடம் கொடுத்துப் பற்றவைத்து, ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். ராமாத்தாள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் போர்வை முழங்காலோடு தட்டையாகிவிட்டிருந்தது. ஓரம் சுத்தம், இனி பயமில்லை என்று சொன்னேன். தலையாட்டினாள். காகிதத்தை நீட்டினேன். பிரித்துப் பார்த்தாள். ஆறுச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மெட்டியை உள்ளங்கையில் எடுத்துப் புரட்டினாள். பிறகு வலது காலைப் போர்வைக்கு வெளியே நீட்டி, ஏற்கெனவே மெட்டி கிடந்த விரலுக்குப் பக்கத்து விரலைத் தொட்டுக் காட்டி, புருஷனிடம் நீட்டினாள்.

"போட்டு உடுங்க. ரெண்டும் இதுலயே கெடக்கட்டும்."